என் தோளுக்கேற்ற தோட்டா

கல்யாணம் பேசி முடித்த சில நாட்களில், மலேசியாவின் பிறை நகரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில், மடியில் சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு, நியூசிலாந்தில் இருக்கும் அவரோடு போனில் பேசுவது வழக்கமாகியிருந்தது. எனக்கு மதியம் என்றால் அவருக்கு மாலை. அவர் அங்கே ஒரு பால் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் காலணியைக் கழற்றியதும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அன்றைக்குச் சாப்பிட்டாச்சா என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்களுக்கு என்ன தோட்டா வேணும்?" என்றார்.

எனக்குத் தோட்டம் என்று காதில் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் நிறைய இடம் சும்மா கிடக்கிறது என்று முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார்.

"கத்தரிக்கா போடலாம். மிளகா போடலாம். அந்தக் குளிருக்கு வருமான்னுதான் தெரியல" என்றேன்.

அவர் என்னைப் பேசி முடிக்க விட்டார். பிறகு, "தோட்டம் இல்லீங்க. தோட்டா. ரைஃபிள்ல போடுறது. மான் சுடுறதுக்கு" என்றார்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்பாவோடு இருந்தேன். அப்பா பினாங்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் கடல் பாலம் தாண்டிப் பிறைக்குப் போவது, கொள்முதல் பிரிவில் திருகாணிக்கும் ஸ்பிரிங்குக்கும் விலை கேட்பது, திரும்பிப் பாலம் தாண்டி வருவது என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. கல்யாணம் என்ற பேச்சை உறவுக்காரர்களே மறந்துவிட்டிருந்தார்கள். நானும் அதைப் பற்றி வருத்தப்படுவதை விட்டு நாளாகியிருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவைப் பார்க்கும் அக்கா ஒருவர் உண்டு. எனக்கு நெருக்கமானவர். சீனப் பெருநாள் விடுமுறையில் அவருடைய தம்பி நியூசிலாந்திலிருந்து வந்திருந்தார். "சும்மா வந்து டீ குடிச்சிட்டுப் போ லா" என்று செபராங் ஜெயாவில் இருக்கும் தன் வீட்டுக்கு அக்கா கூப்பிட்டார். சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். தம்பிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. முதல் கல்யாணம் எப்போதோ முறிந்துபோயிருந்தது. கூச்சப்படுகிறவர். கையில் டீயை வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், வீட்டின் குளிர்சாதனப் பெட்டி ஏன் அப்படிச் சத்தம் போடுகிறது என்று எனக்கு விளக்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த வாரம் கர்னி கடற்கரையில் நடந்தபோது, தான் மான் வேட்டைக்குப் போவதைச் சொன்னார். அங்கே மான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவையாம். பெருகிப்போய்க் காட்டைத் தின்று தீர்க்கின்றனவாம். அதனால் சுடுவதற்குத் தடையில்லை, ஒரு மானை அடித்தால் குளிர்காலம் முழுக்கக் கறி வாங்க வேண்டாம் என்றார். நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து அவர் விமானம் ஏறுவதற்குள் இருவரும் சரி என்று சொல்லிவிட்டோம்.

இப்போது தோட்டா கேட்கிறார்.

"கல்யாணம் முடிஞ்சு அடுத்த வருஷம் ஏப்ரல்ல இங்க இருப்பீங்க. அப்பதான் சீசன். துப்பாக்கி என் பேருலதான் இருக்கும், லைசென்ஸ் என்கிட்டதான். நீங்க என் பக்கத்துலயே இருந்து சுடலாம். புதுசா ஒண்ணு வாங்கப் போறேன். எந்தத் தோட்டான்னு முடிவு பண்ணாத்தான் துப்பாக்கிய முடிவு பண்ண முடியும். நீங்களே சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சுக்கலாம். அவசரம் இல்ல. ஆனா நான் இதுதான்னு சொல்ல மாட்டேன். தோள் உங்களோடது."

பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போனேன். என் முகத்தைப் பார்த்த பேக்கிங் அக்கா, "என்னா, சேலை கலர் கேட்டானா?" என்றார்.

"இல்லக்கா. தோட்டா கேட்டாரு."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இவன் முதல் கல்யாணம் ஏன் நிக்கலன்னு இப்பதான் புரியுது."

ஆனால் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பதினெட்டு வருடமாகக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஆரம்பித்து, விற்பவனைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு பேரம் பேசுவதுதான் என் தொழில். அன்று மாலையே ஆரம்பித்துவிட்டேன்.

முதலில், தோட்டா முழுவதும் பறந்து போகும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பித்தளைக் குப்பி ஒன்று, அதற்குள் மருந்து, அதன் வாயில் செருகிய குண்டு. குண்டு மட்டும்தான் போகும், குப்பி துப்பாக்கியிலேயே தங்கிவிடும். இதை அவரிடம் கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு போனில் எனக்குக் கேட்டது.

அப்புறம் பெயர்கள். 243, 270, 308 என்று எண்களாகவே இருக்கின்றன. குண்டின் பருமனை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண் என்று படித்துவிட்டு, சரி, ஒழுங்கான ஆட்கள்தான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் 270-ன் குண்டு 270 இல்லை, 277. இன்னொன்றின் பெயரில் பாதி அளவு, மீதி அது வந்த வருடம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எங்க சப்ளையர் இப்படிப் பேர் வச்சு அனுப்புனா, பெட்டியோட திருப்பி அனுப்பிடுவேன்" என்றேன்.

"நீங்க எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டா நான் கல்லாலதான் அடிக்கணும்" என்றார்.

அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். 308 எங்கே போனாலும் கிடைக்கும், மளிகைக் கடையில் உப்பு கிடைக்கிற மாதிரி. அவரிடம் இருப்பதும் அதுதான். 270 தூரத்துக்கும் தாழாமல் நேராகப் போகும். அவரோடு வேலை செய்யும் நண்பருக்கு அதைத் தவிர வேறு எதையும் பிடிக்காது, வேறு பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். 243 மென்மையானது, தோளில் தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் உதைக்கும். ஆனால் குண்டு சின்னது, பெரிய மானுக்கு இடம் பார்த்து அடிக்க வேண்டும். மேக்னம் என்று சில உண்டு, மலைக்கு மலை அடிக்கலாம், மாடு முட்டிய மாதிரி இருக்கும். அப்புறம் ஏழு மில்லிமீட்டர் ஒன்று. "308-ஓட தம்பி. அதே குப்பிதான். கழுத்த மட்டும் ஒல்லியாக்கி, ஒல்லிக் குண்டு வச்சிருப்பாங்க."

நான் மதியச் சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு பெண்களிடம் இந்த வயதில் யார் என்ன பேசுகிறார்களோ தெரியாது. ஒரு மனிதர் பித்தளைக் குப்பியின் கழுத்தைப் பற்றிப் பேசப் பேச எனக்குக் காது சூடாகிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் விஷயம் கசிந்துவிட்டது. ஒருநாள் தேநீர் அறையில் அக்கா தோட்டாவை ஆங்கிலத்தில் சொல்லி, சத்தமாக, "கார்ட்ரிட்ஜ் முடிவு பண்ணியாச்சா இல்லையா?" என்று கேட்க, பின்னால் வந்த எங்கள் மேலாளர் மிகவும் மகிழ்ந்துபோனார். "நல்லது, மேல் மாடி பிரிண்டர் ஒரு மாசமா அப்படியே கிடக்கு" என்றார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். மறுநாளே மேல் மாடிக்கு மை வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா பையில் இருந்தால்கூட வாழ்க்கை முடிந்தது. கண்ணால் பார்க்கவும் வழியில்லை. அளவுகளை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலுத்தோங் பசாரில் காய்கறி வாங்கும்போது, வெண்டைக்காய்க் கூடையைப் பார்த்ததும் கை தானாகப் பைக்குள் போனது. திருகாணி மாதிரிகளை அளக்க எப்போதும் ஒரு காலிப்பரைக் கூடவே வைத்திருப்பேன். ஒவ்வொரு வெண்டைக்காயாக எடுத்து அளக்க ஆரம்பித்தேன். 308-க்கு எழுபத்தோரு மில்லிமீட்டர் வேண்டும். 243 அதைவிடக் கொஞ்சம் குட்டை. 270 எண்பத்தைந்து.

காய்கறி விற்கும் அக்கா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"முனைய ஒடிச்சுப் பாத்து வாங்குவாங்க. அளந்து பாத்து வாங்குறத இப்பதான் பாக்குறேன்" என்றார்.

"கல்யாண வேலை, அக்கா."

"எந்த ஊர்ல லா கல்யாணத்துக்கு இப்படி வெண்டிக்கா அளக்குறாங்க?"

"நியூசிலாந்துல."

அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பி, "கேட்டுக்க, அங்கல்லாம் சாம்பாருக்கே சைஸ் உண்டாம்" என்றார். மூன்று வெண்டைக்காய்களைச் சமையல் மேடையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் எண் போட்டு அவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "சாம்பாருக்கு 270. பொரியலுக்கு 243. நண்பர்கிட்ட காட்டுனேன், அழுதுட்டார்."

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருப்பேன். தாலி வாங்கப் போன அன்று கொஞ்சம் நின்றேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடை. அப்பாவும் பேக்கிங் அக்காவும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் இருவரும் தாலியின் வடிவத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டின் எடையைக் கிரெயின் என்று ஒரு பழைய அளவில் சொல்கிறார்கள். கிராமுக்கு மாற்றிப் பார்த்தால், அந்த ஏழு மில்லிமீட்டரின் இலகுவான குண்டு ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. 308-ன் குண்டு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே.

"அண்ணே, ஒரு பவுன் காசு இருந்தா கையில குடுங்களேன். சும்மா பாக்கத்தான்" என்றேன்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். தங்கம் என்பதால் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கனம். இவ்வளவு கனமான ஒன்று, பஸ்ஸைவிட, விமானத்தைவிட வேகமாக, புல் மேய்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிருக்குள் போகும். விசையை இழுப்பது நான். என் வாழ்நாளில் நான் கொன்ற பெரிய உயிர் கரப்பான்பூச்சி. எலிக்குக்கூட அப்பாவைத்தான் கூப்பிடுவேன்.

"பிடிச்சிருக்கா?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் தெரியல" என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் தாலியைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்பது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவசரமாக, "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் மதியம் காரிலிருந்து கூப்பிட்டேன். எண் எதையும் பேசவில்லை.

"நான் சுடணும்னு ஆசைப்படறீங்களா?" என்று கேட்டேன்.

வேலிக்கு அப்பால் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்படி இல்லீங்க" என்றார். "பத்து வருஷமா தனியாதான் மலை ஏறுறேன். மேல போயி உக்காந்து சுத்திப் பாக்கிறப்போ, பக்கத்துல யாராச்சும் இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணும். அத எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல. வெக்கமா இருந்துச்சு. அதான் தோட்டாவக் கேட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா, சரி வர்றேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பீங்க. இப்ப அஞ்சு மாசமா பேசிக்கிட்டு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் நெற்றி முட்டி, ஹாரன் அலறியது. வாசல் காவலர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி அனுப்பினேன்.

மூச்சு வந்ததும், "நான் வர்றேன்" என்றேன். "சுடவும் சுடுவேன்னுதான் நினைக்கிறேன். கறிய மட்டும் தின்னுட்டு, சுடுறத உங்க தலையில கட்டுறது நியாயமில்ல. ஆனா அது துடிக்கக்கூடாது. எது துடிக்காம சாகடிக்கும்?"

"அதுக்குப் பெரிய தோட்டா வேணாம்" என்றார். அப்போதுதான் அவர் குரலில் கூச்சம் போனது. "நீங்க எதுக்குப் பயப்படலையோ அது. துப்பாக்கி உதைக்கும்னு மனசுல இருந்தா, சுடுறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்கும், தோள் பின்னால போயிடும். குண்டு வயித்துல போய் விழும். பெரிய தோட்டாவா இருந்தாலும் வயித்துல பட்டா மான் நாள் முழுக்கக் கிடந்து சாகும். சின்னதா இருந்தாலும் நெஞ்சுல சரியா பட்டா, ரெண்டு எட்டு வைக்காது. உங்க கண்ணு மூடாத தோட்டா எதுவோ, அதுல பெருசு எதுவோ, அதுதான் உங்களுக்கு."

"என் கண்ணு மூடுமான்னு இங்க இருந்து எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி சொன்னார். இயந்திரம் பார்க்கிறவர் என்பதால் கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்து கிலோ அரிசிப் பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி ஆட்டி விட வேண்டும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், வந்து தோளில் மோதும் வேகம் ஏறக்குறைய 308-ன் உதை. அதில் பாதியைவிடச் சற்று மேலே 243. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கீழ்ப்பக்கமாக ஏழு மில்லிமீட்டர். முக்கால் மீட்டரானால் மேக்னம். "துப்பாக்கி இதவிடச் சுருக்குன்னு உதைக்கும். சத்தமும் இருக்கும். ஆனா ஒரு அறிகுறி தெரியும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியின் நடைபாதையில் ஏற்பாடு. துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் அப்பா கயிற்றைக் கட்டினார். பேக்கிங் அக்கா பாலம் தாண்டி வந்திருந்தார். போனை மீட்டர் பெட்டிமேல் சாய்த்து வைத்து அவரையும் வீடியோவில் நிறுத்தினோம். கண் மூடுகிறதா என்று பார்க்க ஒரு தந்திரமும் அவரே சொன்னார். எதிர்ச் சுவரில் எதையாவது சத்தமாகப் படிக்க வேண்டும், அடி விழும்போது வார்த்தை உடையக்கூடாது. எதிரே இருந்தது குப்பை போடாதீர்கள் என்ற மலாய் அறிவிப்பு. துப்பாக்கிக்குப் பதில் துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து, பையைத் தாங்க அதன் நுனியில் ஒரு பலகையைக் கட்டி, நின்றேன்.

"243" என்று அறிவித்து அப்பா பையை விட்டார்.

"டிலாராங் புவாங் சம்பா" என்று படித்தேன். பை வந்து தொட்டுவிட்டுப் போனது. வார்த்தையில் ஒரு கீறல் இல்லை.

"308" என்றார் அப்பா, பையை மேலே இழுத்து.

"டிலாராங் புவா..." என்றதோடு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி செய்தோம். மறுபடியும் புவாவிலேயே நின்றேன். மூன்றாம் தடவை பை வருவதற்கு முன்பே "புவா" என்று கத்திவிட்டேன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அங்கே குடியிருக்கும் சீன அம்மா கையில் கரண்டியோடு வந்து, என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். மகளுக்குக் கல்யாணம் என்று அப்பா சொன்னார். அவர் துடைப்பக் கட்டையோடு நிற்கும் என்னையும், தொங்கும் அரிசியையும், போனுக்குள்ளிருந்து பணிவாக வணக்கம் சொல்லும் மனிதரையும் பார்த்தார். இந்தியர்களின் கல்யாணச் சடங்குகள் நிறைய என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. தலையாட்டிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்தது ஏழு மில்லிமீட்டர். அப்பா உயரத்தைச் சரி பார்த்தார். நான் மூச்சை இழுத்து விட்டேன். "டிலாராங் புவாங் சம்பா." தோளில் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. இன்னொரு முறை. அதற்கடுத்து அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டி விட்டார். அப்போதும் உடையவில்லை. சீன அம்மா கைதட்டினார்.

"அப்ப அதான்" என்று போனிலிருந்து குரல் வந்தது. அவர் முகத்தில் பெரிய சிரிப்பு.

அத்தோடு கயிற்றை அவிழ்த்திருக்கலாம். அப்பா, தானும் நின்று பார்க்க வேண்டும் என்றார். அதுவும் மேக்னம்தான் வேண்டும் என்றார்.

"நாப்பது வருஷம் பஸ் ஸ்டியரிங் பிடிச்ச தோள் இது" என்று துடைப்பக் கட்டையை வாங்கிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அக்கா பையைத் தலைக்குமேல் தூக்கி விட்டார். அப்பா அசையவில்லை. பைதான் பலகையின் மூலையில் மோதிக் கிழிந்தது. ஐந்து கிலோ அரிசியும் நடைபாதை நெடுகச் சலசலவென்று ஓடியது. அப்பா மட்டும், சுற்றிலும் அரிசி கொட்டிக் கிடக்க, அறிவிப்பை முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான் கட்டையை இறக்கினார்.

நான் வேறு துடைப்பம் எடுக்க உள்ளே ஓடினேன். "நீ ஓடாத, வழுக்கும்" என்று போனிலிருந்து அவர் கத்தினார்.

நின்றுவிட்டேன். அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். திரையில் முகம் மறைந்து கூரை தெரிந்தது. அப்பா ஒன்றும் கேட்காதவர்போல் குனிந்து அரிசியை அள்ளினார். சீன அம்மா தன் வீட்டு முறத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்.

மறுநாள் மதியம், "முடிவு பண்ணிட்டேன்" என்றேன். "ஏழு மில்லி. இலகுவான குண்டு. உங்க 308-ஓட தம்பி."

"ஏன்னு சொல்லு."

"243 எனக்கு ரொம்பச் சுலபம், ஆனா பெரிய மான் கொஞ்சம் கோணலா நின்னா என்ன பண்றதுன்னு பயம் இருக்கும். 308-ல அடிக்கு முன்னாடியே கத்திடுறேன். 270 உங்க நண்பருக்காகவாவது எடுக்கலாம்னு பாத்தேன், ஆனா அதுவும் 308 அளவுக்கு உதைக்குமாம். நாம எப்படியும் ரொம்பத் தூரத்துல இருந்து சுடப்போறதில்ல. இதுல என் கண்ணு திறந்திருக்கு."

"வாங்கிடுறேன்" என்றார். பிறகு, தயங்கி, "நண்பர்கிட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

தை மாதம் பினாங்கில் கல்யாணம் முடிந்தது. ஏப்ரலில் நியூசிலாந்தின் தென்தீவில், மலைச்சரிவு ஒன்றில், கையுறைக்குள் விரல் விறைக்க அவர் பக்கத்தில் படுத்திருந்தேன். முதல் நாள் மாலை எங்கோ கலைமான் ஒன்று உறுமியது. சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறோமா, லாரி பிரேக் போடுகிறதே என்று கேட்டேன். அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். அன்று சுடவில்லை. மான் ஒன்று தெரிந்தது, ஆனால் என் மூச்சு அடங்குவதற்குள் புதருக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை, கொடிக்கம்பங்கள்போல் நின்ற மரங்களுக்கு இடையிலிருந்து ஒரு பெண்மான் வெளியே வந்தது. பக்கவாட்டில் நின்றது. முதுகுப்பைமேல் துப்பாக்கியைச் சாய்த்திருந்தேன். "அவசரமில்ல" என்று அவர் முணுமுணுத்தார். முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் பாதிக்குக் கீழே. அந்த இடத்தை மட்டும் பார்த்தேன். விரலை மெதுவாக அழுத்தினேன். சத்தம் மலை முழுவதும் உருண்டது. உதை என்று ஒன்று வந்ததே எனக்குத் தெரியவில்லை. மான் ஒரு துள்ளு துள்ளி, இரண்டு அடி ஓடி, உட்காருவதுபோல் சாய்ந்துவிட்டது.

எனக்குப் பேச்சு வந்துவிட்டது. நிற்கவே இல்லை. நெஞ்சில்தானே, துடிக்கவில்லைதானே, காலையில் சாக்ஸ் மாற்றியிருக்க வேண்டும், அப்பா மாத்திரை போட்டிருப்பாரா என்று தமிழும் மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து கொட்டினேன். பல் தந்தியடித்தது. அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. மண்டியிட்டு அதன் காதைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. காதுக்குள் வெள்ளை ரோமம். அவர் தள்ளி நின்றார். பிறகு கத்தியை எடுத்து, என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று காட்டினார். நானும் செய்தேன்.

கறியைப் பங்கிட்டுச் சுமந்துகொண்டு இறங்கினோம். ஈரப் புல்லில் கால் வழுக்கி, பையோடு பாதிச் சரிவை உட்கார்ந்த வாக்கிலேயே கடந்தேன். நிறுத்தப் பார்த்த அவரும் விழுந்து என் பின்னாலேயே வந்தார். கீழே ஓடை ஓரத்தில் வந்து நின்றபோது இருவருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை, சிரித்தே தீர்ந்துபோயிருந்தது.

அன்று மாலை ஒரு துண்டை மட்டும் எடுத்து, மிளகைத் தாராளமாகப் போட்டுப் பிரட்டினேன். கறியை இரண்டொரு நாள் ஆறவிட்டுச் சமைத்தால்தான் மென்மையாக வரும் என்று பிறகுதான் அவர் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்றால், நான் ஆசையாக இருந்தேனாம். எதிரெதிரே உட்கார்ந்து, வெளியே இருட்டும்வரை, பேசாமல் மென்றுகொண்டிருந்தோம்.